காண்போர் கூறும் ‘நாம்’

1972ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 6ஆம் திகதி இரவு, புளோரிடாக் கரைக்கு அப்பால், ‘ஸ்டேட்டன்டாம்’ என்னும் ஒல்லாந்துப் பயணிகள் கப்பலின் மேல்தளத்திலே ஒரு சிறு கூட்டம் கரையை நோக்கிக் காத்துநின்றது. நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட அக்கப்பல் துறைமுகங்களைக் காட்டுவதாகக் கூறியே பயணிகளைச் சேர்த்திருக்கலாம். ஆயின் அது அழைத்தது ஒரு காட்சிக்காகவே. அப்பலோ திட்டத்தின் பதினேழாவதும் இறுதியானதுமான கலம் அன்றிரவு கென்னடி முனையிலிருந்து சந்திரனை நோக்கிப் புறப்படவிருந்தது. சற்றேண் ஐந்து என்னும் பெரும் றொக்கற் இரவு வேளையில் ஏவப்படுவது அதுவே முதன்முறை. எழுத்தாளர் சிலரும் அறிவியலாளர் சிலரும் உடன் அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். விண்மீன்களுக்கிடையே பேரரசுகளைக் கற்பனை செய்தவரும், விமானத்தில் ஏற அஞ்சியவருமான ஐசாக் அசிமோவ் அவர்களுள் ஒருவர். முதலாவது சந்திரப் பயணம் பற்றி நூலெழுதிய நோர்மன் மெயிலர் இன்னொருவர். எண்பத்திரண்டு வயதான கதரின் ஆன் போர்ட்டரும் இருந்தார். 1962இல் வெளிவந்த அவரது ‘மூடர்களின் கப்பல்’ என்னும் நாவல், 1931இல் மெக்சிக்கோவிலிருந்து ஜேர்மனிக்குச் செல்லும் ஒரு கப்பலின் பயணிகளைப் பற்றியது. அவர்கள் தம்முட் பூசலிட்டும் காதலித்தும் காலங்கழிக்க, தாம் சென்று சேரும் நாட்டில் எழுந்துகொண்டிருந்த பேரழிவை எவரும் காண்பதில்லை. இத்தகைய நூலின் ஆசிரியரைக் காட்சி காணும் கப்பலுக்கு அழைத்ததிலுள்ள குத்தல் தற்செயலானதாகவே இருத்தல் வேண்டும்.

குறித்த நேரம் இரவு 9.53. ஏவலுக்கு முப்பது செக்கன்கள் எஞ்சியிருந்தபோது தன்னியக்கக் கருவியொன்றின் கோளாறினால் யாவும் நின்றன. இரண்டு மணி நாற்பது நிமிட நேரம் காத்திருந்த பின்னர், நள்ளிரவு கடந்து 12.33க்கு 111 மீற்றர் உயரமும் ஏறத்தாழ 2900 தொன் எடையும் கொண்ட அப்பொருள் நிலத்தை விட்டெழுந்தது. அதன் ஐந்து பொறிகளும் செக்கன் ஒன்றுக்குப் பதின்மூன்று தொன் வரையிலான எரிபொருளை விழுங்குவன. வானமும் கடலும் ஒருங்கே செம்பொன் நிறங்கொண்டன. ஒலி செக்கனுக்கு 340 மீற்றர் அளவிலேயே செல்வதாதலின், பத்துக் கிலோமீற்றருக்கு அரை நிமிடமாவது ஒளிக்குப் பிந்தும். எனவே கடலில் நின்றோர் முதலிற் கண்டது ஓசையற்ற ஒரு நெருப்பு. அது உயர எழுந்த பின்னரே அதன் முழக்கம் நீரின் மேலாக வந்து அவர்தம் மார்பிலே தாக்கியது.

அவ்வேளை காண்போர் உள்ளத்தில் நிகழ்வது யாது என்பது உளநூலார்க்குரிய வினா. அதனை அவர்கள் எச்சொல்லாற் கூறுகின்றனர் என்பதோ ஒழுக்கவியலுக்கும் உரியது. சந்திரப் பயணம் பற்றிய பேச்சில் 1969 முதல் ஓயாது ஒலிக்கும் சொல் ‘நாம்’ என்பதாகும். நாம் சென்றோம், நாம் வென்றோம், நாம் காலடி பதித்தோம். சந்திரனில் நடந்தோர் உண்மையில் பன்னிருவர். அவர்களை அங்கு சேர்ப்பதற்கு உழைத்தோர் நான்கு இலட்சம் பேர் வரை என்பர். விண்ணுடையின் ஒவ்வொரு தையலையும் ஊசிமுனை பிசகாது தைத்த பெண்கள் அவருள் அடங்குவர். இவர்கள் ‘நாம்’ என்றால் அதனை மறுப்பார் இலர். கட்டணஞ் செலுத்தி, இராவுணவு முடித்து, மேல்தளத்திற் கம்பியைப் பற்றி நின்றவர் எவ்வுரிமையால் அச்சொல்லைக் கையாள்கின்றார்?

கடலையும் காண்போனையும் இணைத்து நோக்கும் சிந்தனை மேனாட்டு மெய்யியலுக்குப் புதியதன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமப் புலவர் லுக்ரேசியஸ், தமது மெய்யியற் காவியத்தின் இரண்டாம் நூலைத் தொடங்கும்போது, புயலில் அல்லற்படுவோரைக் கரையில் நின்று காண்பதிலுள்ள இனிமையைப் பேசுகின்றார். பிறர் துன்பம் இனிதென்பது அவர் கருத்தன்று. தான் அத்துன்பத்தினின்றும் நீங்கியிருத்தலை உணர்வதே அவ்வினிமை. 1790இல் ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற், புயலும் எரிமலையும் தரும் மேன்மையுணர்ச்சிக்குக் காண்போன் பாதுகாப்பான இடத்தில் நிற்றல் இன்றியமையாதது என்றார். ஸ்டேட்டன்டாமில் இந்நிலை தலைகீழாயிற்று. கரையிலிருந்து புறப்படுவோர் ஆபத்துக்குரியோர். கடலில் மிதப்போரே பாதுகாப்பானோர். ஆயினும் லுக்ரேசியசின் காண்போனிடம் ஒரு நேர்மை உண்டு. அலையிற் சிக்கியவன் ‘அவன்’, கரையில் நிற்பவன் ‘நான்’ என்னும் வேறுபாட்டை அவன் ஒருபோதும் மறப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் காண்போரோ, ஆபத்தைப் பிறரிடம் விட்டுவிட்டு, பெருமையை மட்டும் ‘நாம்’ என்னும் சொல்லால் வாங்கிக்கொண்டனர்.

ஈண்டுத் தமிழ் இலக்கணம் ஓர் உதவி புரிகின்றது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைப் பெயர் ஒன்றே. தமிழிலோ கேட்போரையும் உட்கொள்ளும் ‘நாம்’ வேறு, கேட்போரை விலக்கி நிற்கும் ‘நாங்கள்’ வேறு. பழந்தமிழில் ‘யாம்’ என்பது பின்னதன் இடத்தில் நின்றது. பேசுவோன் இவற்றுள் ஒன்றைத் தெரிந்தேயாக வேண்டும்; வினையை மட்டும் கூறி ‘சென்றோம்’ எனத் தப்பித்துக்கொள்ளலாமாயினும், யார் எனக் கேட்கும்போது அகப்பட்டுக்கொள்வான். ஆகவே சந்திரப் பயணத்தின் வாசகங்களைத் தமிழாக்க முற்படும் எவரும் மூலத்தை எழுதியோர் எதிர்கொள்ளாத ஒரு வினாவை எதிர்கொள்கின்றனர்.

அப்பலோ 17இன் வீரர்கள் விட்டுவந்த பலகை இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. சேர்னன், எவன்ஸ், சிமித் என்னும் மூவரோடு ஜனாதிபதி நிக்சனின் கையொப்பமும் பொறிக்கப்பட்ட அப்பலகை, மனிதன் சந்திரனில் தன் முதற்கட்ட ஆய்வுகளை அங்கு நிறைவு செய்தான் என்றும், தாம் வந்த சமாதான உணர்வு மனிதகுலம் முழுவதன் வாழ்விலும் பிரதிபலிக்க வேண்டும் என்றும் கூறுவது. வந்தது நாமா, நாங்களா? டிசெம்பர் 14ஆம் திகதி சேர்னனும் சிமித்தும் சந்திரத் தரையை நீங்கினர். 18ஆம் திகதி, அவர்கள் இன்னும் விண்வெளியில் மீண்டுகொண்டிருக்கையில், அதே ஜனாதிபதியின் ஆணையால் பி-52 விமானங்கள் ஹனோய், ஹைபோங் நகரங்களைத் தாக்கத் தொடங்கின. நத்தார் நாளில் மட்டும் ஓய்ந்து 29ஆம் திகதி வரை நீடித்த அத்தாக்குதலில் பாக் மாய் மருத்துவமனை தகர்ந்தது. காம் தியன் வீதி இடிபாடாயிற்று. வியட்நாமிய அரசின் கணக்கின்படி இறந்த பொதுமக்கள் 1600க்கும் மேற்பட்டோர். காம் தியன் வீதியில் உயிர்தப்பிய ஒருவரிடம் அப்பலகையைப் படித்துக்காட்ட நேர்ந்தால், மொழிபெயர்ப்பாளர் ‘நாம்’ என்று கூற வாயெழாது. வியட்நாமிய மொழியிலும் இவ்வேறுபாடு உண்டென்பது கருதற்பாலது.

‘அப்பலோ வேறு, குண்டுவீச்சு வேறு, பொறியியலாளரின் சாதனைமேல் அரசியல்வாதியின் பாவத்தை ஏற்றுவது முறையா?’ என ஒரு தடை எழலாம். செய்தோரைப் பொறுத்தவரை இத்தடையில் நியாயம் உண்டு. சந்திரப் பாறையை ஆய்ந்த சிமித் ஹனோய்க்குப் பொறுப்பாளியல்லர். காண்போரின் நிலை வேறு. அவர் றொக்கற்றின் ஆணி ஒன்றையும் முடுக்கியவரல்லர். அவரது ‘நாம்’ உழைப்பினால் வந்ததன்று. குடியுரிமையாலும் செலுத்திய வரியாலும் வந்தது. அப்பலோவுக்குச் செலவான 2500 கோடி டொலர் வரையிலான தொகையில் தம் பங்கும் உண்டென்பதே அவர் கூறக்கூடிய சான்று. அச்சான்று செல்லுமாயின் பி-52இன் குண்டிலும் அவர் பங்கு உண்டு. இரண்டுக்கும் பணம் ஒரே கருவூலத்திலிருந்தே சென்றது. நல்லதற்கு ‘நாம்’ என்றும் தீயதற்கு ‘அவர்கள்’ என்றும் கணக்கெழுதும் வழக்கம் எந்நாட்டினரிடமும் உண்டு. அமெரிக்கரை மட்டும் குறைகூறுவது அதே வழக்கத்தின் மறுபுறமே ஆகும்.

இன்னொரு தடை இதனினும் வலியது. காட்சியிற் களிப்பதற்குக் கூட இத்தனை கணக்கா? வியப்பு என்பது குழந்தைக்கும் உரிய எளிய உணர்வல்லவா? இங்கே தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் பாகுபாடு தெளிவு தருவது. வியப்பாகிய மருட்கைக்கு அது கூறும் நிலைக்களன்கள் நான்கு: முன் காணாத புதியது, அளவிற் பெரியது, அளவிற் சிறியது, ஒன்று மற்றொன்றாய் ஆவது. இவற்றுள் ‘எனது’ என்பதற்கு இடமே இல்லை. பெருமிதத்தை அது வேறொரு மெய்ப்பாடாக வைத்து, கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பவற்றால் அது பிறக்கும் என்கின்றது. நான்கும் ஒருவன் தானே ஈட்டுவன. கடல்மேல் எழுந்த அந்நெருப்பைக் கண்டு மருளும் உரிமை கப்பலின் சமையற்காரருக்கும் சீமாட்டிக்கும் ஒன்றே. ஹனோயின் சிறுவனொருவன் அங்கிருப்பின் அவனுக்கும் அதுவே. மருட்கையாய்ப் பிறந்தது பெருமிதமாய்த் திரியும் கணத்திலேதான் ‘நாம்’ நுழைகின்றது. கணக்குக் கேட்கப்படுவது அதன் பின்னரே.

காண்போர் ‘நாம்’ என்னும் சொல்லை ஈட்டவே இயலாதா? 1798இல் கான்ற், பிரெஞ்சுப் புரட்சியைத் தொலைவிலிருந்து நோக்கியோரின் பரிவு மனிதகுலத்தின் ஒழுக்க இயல்புக்குச் சான்று என எழுதினார். அவர் வாதத்தின் உயிர்நிலை ஒன்றுண்டு: முடியாட்சி நாடுகளில் அப்பரிவை வெளியிடுதல் ஆபத்தானதாயிருந்தது. அதாவது, காண்போர் தம் பார்வைக்கு ஏதோ ஒரு விலை செலுத்தினர். அப்பலோவின் வரலாற்றிலும் அத்தகைய காண்போர் இருந்தனர். 1969 ஜூலை 15ஆம் திகதி, அப்பலோ 11 புறப்படுவதற்கு முதல்நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் வாரிசாக நின்ற ரால்ப் அபர்நதி வறிய கறுப்புக் குடும்பங்களுடனும் கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளுடனும் ஏவுதளத்தின் வாயிலுக்கு வந்தார். ஏவாமல் விடுவதால் வறுமை தீருமெனின் பொத்தானை அழுத்தமாட்டோம் என நாசாவின் தலைவர் பெயின் நேரில் வந்து கூறினார். கூட்டத்தினர் சிலருக்கு மறுநாட் காட்சியைக் காண இடமும் அளிக்கப்பட்டது. அபர்நதி பயணத்தைப் பழிக்கவில்லை. வீரர்களின் நலத்துக்காக வேண்டுவதாகவும் கூறினார். பசியைக் கணக்கில் வைத்துக்கொண்டே அவர் அந்த நெருப்பைப் பெருமையென ஏற்றார். மேல்தளத்துப் பயணியின் ‘நாம்’ இதனோடு ஒப்பிடத் தக்கதன்று.

டிசெம்பர் 19ஆம் திகதி மூவரும் சமோவாவுக்குத் தென்கிழக்கே பசிபிக் கடலில் இறங்கினர். அப்போதும் ஒரு கப்பலின் மேல்தளத்தில் மனிதர் நின்று வானத்தை நோக்கிக்கொண்டிருந்தனர். அவர்களை மீட்கச் சென்ற அந்த விமானந்தாங்கிக் கப்பலின் பெயர் ‘திக்கொண்டரோகா’. 1964 ஓகஸ்ட் 5ஆம் திகதி வட வியட்நாம் மீது அமெரிக்கா வெளிப்படையாக நடத்திய முதலாவது வான்தாக்குதலுக்கு விமானங்கள் எழுந்த இரு கப்பல்களுள் அது ஒன்று. எட்டாண்டுகளின் பின், விமானங்கள் எழுந்த அதே தளத்துக்கு, சந்திரன் சென்று மீண்டோரை உலங்குவானூர்தி கொண்டுவந்து சேர்த்தது. அங்கு நின்று ஆரவாரித்த இருபது வயது மாலுமி ஒருவன் 1964இல் பன்னிரண்டு வயதுப் பள்ளிச்சிறுவன்.