முன்னறிதலும் காரணமறிதலும்

வரப்போவதை முன்கூட்டிச் சொல்ல வல்லோமாயின், அப்பொருளை நாம் அறிந்துவிட்டோம் எனக் கொள்ளலாமா? புகை கண்டு நெருப்பை உய்த்துணர்தல் பற்றி அளவை நூலார் நெடுங்காலம் வாதிட்டனர். அவ்வினா இன்று மின்கல ஆய்வுகூடங்களிலே புதுவடிவம் பெற்றுள்ளது.

2019இல் ‘நேச்சர் எனர்ஜி’ இதழில் வெளிவந்த ஆய்வொன்று 124 இலிதியம் அயன் மின்கலங்களை எடுத்துக்கொண்டது. அவற்றின் ஒரு மின்வாய் இலிதியம் இரும்புப் பொசுபேற்று; மற்றையது, போகலைச் சுரங்கத்தால் இலங்கையர் நன்கறிந்த காரீயம். முதல் 100 மின்னேற்றச் சுற்றுக்களின் தரவுகளைக் கொண்டு, ஒவ்வொரு மின்கலமும் எத்தனை சுற்றுக்கள் உழைக்கும் என்பதைக் கணனி ஏறக்குறைய 9 சதவீத வழுவுடன் முன்னுரைத்தது. மின்கலம் ஏன் நலிகின்றது என்பது அதற்குக் கற்பிக்கப்படவில்லை. நோய் இன்னதென்று கூறாது நாளை மட்டும் குறிக்கும் மருத்துவனை அது ஒத்தது.

2023இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு வேறு வழியிற் சென்றது. அதே இரும்புப் பொசுபேற்றின் நுண்துகள்களுள் இலிதியம் புகுவதையும் வெளியேறுவதையும் எக்சுக்கதிர்ப் படங்களாகப் பதிந்தனர். பௌதிகச் சமன்பாடுகளோடு இணைந்த கணனி அப்படங்களைப் புள்ளி புள்ளியாக ஆராய்ந்தது. துகளைப் போர்த்திய காபன் பூச்சின் தடிப்பு இடத்துக்கிடம் வேறுபடுவதற்கேற்பத் தாக்கவேகமும் வேறுபடுவது புலனாயிற்று. திருத்த வேண்டியது எதுவென இங்கே தெரிகின்றது.

“முகில் கண்டு விதைக்கும் உழவன் வளிமண்டலவியல் கற்றானா? பயன் கிட்டினாற் போதாதா?” எனச் சிலர் வினவலாம். கணிப்புப் பொய்க்காதவரை அவர் கூற்றுப் பொருந்தும். பொய்க்கும் நாளிலோ, காரணமறியாதவன் எதைத் திருத்துவது? மேலும், கணிப்பு மின்கலத்தோடு நிற்பதில்லை. கடன் பெறத் தகுதியுடையார் யார் என்பதையும் கணனி கணிக்கின்றது. தன்னை ஏன் விலக்கினர் என மின்கலம் கேளாது, மனிதன் கேட்பான். அவனுக்கு விடைகூற இயலாத கணிப்பு, எத்துணைச் சரியாயினும், நீதியாகாது.

எனினும் காரணமறிதல் மட்டும் போதுமா? எமது கொலன்னாவைப் பகுதியிலே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளன்று, சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அபாயம் உண்டென அயலவர் முன்னரே முறையிட்டிருந்தனர். காரணமும் மறைபொருளன்று, கண்முன்னே மலையாக நின்றது. ஆங்கு இல்லாதிருந்தது அறிவன்று, பொறுப்பு.

ஆகவே, முன்னறிதல் எம்மை எச்சரிக்கும். காரணமறிதல் கைவைக்க வேண்டிய இடத்தைக் காட்டும். கைவைக்கும் கடமையை எக்கணனியும் எமக்காக ஏற்கமாட்டாது. இன்றைய மின்கலங்களும் ஒருநாள் கழிவாகும். ஏதோவொரு குடியிருப்பின் அயலிலே அவை குவிதலுங்கூடும். ஒரு மின்கலம் எத்தனை சுற்றுக்கள் உழைக்கும் என முன்னறிந்து கூறுவோர், அதன்பின் அது எங்கே போய்ச் சேரும் என்பதை யாமறியோம் எனக் கூறுதல் தகாது.