குப்பை எவருடையது?

2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து அயலிலிருந்த வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதனைப் பொறியியற் குறைபாடு எனக் கூறி அமைவோர் உளர். மென்மையான சதுப்பு நிலத்தின்மீது, தரம்பிரிக்காத கழிவை அளவின்றிக் குவித்தால் மேடு சரியவே செய்யும். இக்கூற்றிற் பிழையில்லை, ஆயினும் அம்மேடு ஏன் அவ்விடத்தில் எழுந்தது என்பதற்கு இதில் விடையில்லை. 2009இல் நீதிமன்ற ஆணையை அடுத்துப் புளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட, தற்காலிக ஏற்பாடென்ற பெயரில் மீதொட்டமுல்ல தெரிவாயிற்று. அது கொலன்னாவையைச் சார்ந்தது. கொழும்பு மாநகர சபையின் எல்லைக்கு வெளியே உள்ளது. எனவே, மாநகரின் கழிவைச் சுமந்த அம்மக்களுக்கு அச்சபையைத் தெரிவு செய்யும் வாக்குரிமை இருக்கவில்லை. அவர்கள் பல்லாண்டுகளாக எதிர்ப்புத் தெரிவித்தும் பயன் விளையவில்லை.

பலரது நலனுக்காகச் சிலர் இடர்ப்படுதல் தவிர்க்கவியலாதது என்பர் பயன்வழிக் கோட்பாட்டினர். நகரின் பல இலட்சம் பேரோடு ஒப்பிடுகையில் சில நூறு குடும்பங்கள் எம்மாத்திரம் என்பது அவர்தம் கணக்கு. (அக்கணக்கை எழுதுவோர் குப்பைமேட்டருகே குடியிருப்பது அரிது.) ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் வேறோர் அளவுகோலைத் தந்தார். சமூகத்தில் தமக்கு வாய்க்கப்போகும் இடம் எதுவென அறியாத நிலையில் மாந்தர் எவ்விதிகளுக்கு உடன்படுவரோ அவையே நீதியானவை என்பது அதன் சாரம். கறுவாத்தோட்டத்திற் பிறப்போமா, மீதொட்டமுல்லயிற் பிறப்போமா என்றறியாத ஒருவர் இவ்வேற்பாட்டிற்கு இசைவாரா? இசையார். இழப்பீடும் இங்கு முழு விடையாகாது. அது நட்டத்தை ஓரளவு ஈடுசெய்யுமேயன்றி, கேளாமல் சுமத்திய குற்றத்தை நீக்காது.

அனர்த்தத்தின் பின்னர் நகரம் தேடிய வழியும் நோக்கற்பாலது. கொழும்பிலிருந்து நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் அப்பால், புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டில், சுண்ணக்கல் அகழ்ந்த நிலத்தருகே, கழிவை நிலநிரப்பும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. புகையிரதம் மூலம் கொண்டுசெல்வதென்பது ஏற்பாடு. தொழினுட்ப நோக்கில் இது மீதொட்டமுல்லயினும் மேலானதே. அடித்தளத்தில் நீர் கசியாத் தடுப்பும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அதில் அடங்கும். ஆயினும் புத்தளத்து மக்கள் 2018இல் வீதிக்கு இறங்கினர். அவர்களை அறியாமையால் எதிர்ப்போர் எனத் தள்ளியோர், கொலன்னாவையில் எழுந்த அதே வினாவே அங்கும் எழுந்ததைக் கவனிக்கத் தவறினர். கழிவை ஆக்குவோர் ஓரூரினர். அதனோடு வாழ்வோர் வேறூரினர். முடிவு செய்யும் இடத்தில் முன்னவரே அமர்ந்திருந்தனர்.