அணைந்த உலையும் அணையாக் கடமையும்

எம்பிலிப்பிட்டியவில் 2005 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 100 மெகாவாற் எண்ணெய் மின்னிலையத்தின் எந்திரங்களுக்கு எண்ணெயை நிறுத்தினால் எரிதலும் நின்றுவிடும். அயலிலுள்ள உடவளவையில் நீரை அடைத்தால் சுழலி ஓய்ந்துவிடும். மனிதன் நெடுங்காலம் பழகிய கருவிகள் பெரும்பாலும் இத்தகையனவே. கையை எடுத்தால் செயல் முடியும். செயல் முடிந்தால் பொறுப்பும் முடிந்ததாகக் கருதப்படும். அணு உலையோ இவ்வொழுங்கிற்கு உட்படாதது.

கருப்பிளவுத் தொடர்வினையை நிறுத்திய பின்னும், பிளவினாற் பிறந்த பொருள்கள் சிதைந்தவண்ணமே இருக்கும். அவற்றின் வெப்பம் தொடக்கத்தில் முழு வலுவில் நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு பங்கு. ஒரு நாள் சென்ற பின்னும் ஏறத்தாழ அரைப் பங்கு. இவ்வெப்பத்தை அகற்ற நீர் ஓடவேண்டும். நீரை ஓட்டப் பம்பி வேண்டும். பம்பிக்கு மின்சாரம் வேண்டும். ஊருக்கெல்லாம் மின்சாரம் வழங்கும் நிலையம், தான் பிழைப்பதற்கு மின்சாரத்தை இரந்து நிற்பது விந்தையே.

இவ்விரப்பு மறுக்கப்பட்ட இரவொன்று இந்திய வரலாற்றில் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையிலுள்ள நரோரா அணுமின் நிலையத்தின் 220 மெகாவாற் கொண்ட முதலாவது அலகில், 1993 மார்ச் 31 ஆம் நாள் அதிகாலை மூன்றரை மணியளவில், சுழலியின் இரண்டு அலகுத் தகடுகள் முறிந்தன. அதனால் எழுந்த கடும் அதிர்வில், மின்பிறப்பாக்கியைக் குளிர்விக்கும் ஐதரசன் வெளியேறித் தீப்பற்றியது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. பணியாளர் உலையை ஒரு நிமிடத்திற்குள் நிறுத்திவிட்டனர். ஆயினும் தீ மின்வடங்களை எரித்துச் சென்றமையால், டீசல் மின்பிறப்பாக்கிகள் இருந்தும் பயனில்லாது போயிற்று. கட்டுப்பாட்டு அறையைப் புகை சூழ, அங்கிருந்தோர் வெளியேற நேர்ந்தது. ஏறக்குறைய பதினேழு மணி நேரம் நிலையம் மின்சாரமின்றிக் கிடந்தது.

அவ்விருளில் உலையைக் காத்தவை மூன்று. தீயணைப்புக்கென வைத்திருந்த டீசல் பம்பிகளைப் பணியாளர் இயக்கி நீராவிப் பிறப்பாக்கிகளுக்கு நீர் ஊட்டினர். சூடேறிய பார நீர் மேலெழ, குளிர்ந்தது கீழிறங்கும் இயற்கைச் சுற்றோட்டம் பம்பியின்றியே நடைபெற்றது. கைவிளக்குகளுடன் ஏறிச் சென்ற சிலர் வால்வுகளைக் கையாலே திறந்து, தொடர்வினை மீண்டும் தலையெடாதிருக்கப் போரன் கரைசலை உலைக்குள் இறக்கினர். கதிரியக்கம் வெளியே பரவவில்லை.

ஏறிச் சென்றோரைப் போற்றுவது எளிது, போற்றுதல் தகும். ஆனால் அறநூல் நோக்கில் அவர்களது துணிவு இரண்டாவது வினாவே. அத்துணிவு ஏன் தேவைப்பட்டது என்பது முதல் வினா. அமெரிக்காவின் பிரவுன்ஸ் பெரி நிலையத்தில் 1975 மார்ச்சில், காற்றுக் கசிவைச் சோதிக்கக் கொண்டுசென்ற மெழுகுதிரி ஒன்று மின்வடங்களில் தீயை மூட்டியது. பல காப்புகளின் வடங்களை ஒருங்கே விரித்தால் ஒரு தீ அனைத்தையும் அழிக்கும் என்பதை உலகம் அன்றே அறிந்தது. பதினெட்டு ஆண்டுகளின் பின் நரோராவிலும் அதுவே நிகழ்ந்தது. எண்ணிக்கையில் இரண்டாயிருப்பது வேறு. ஒன்று அழிய மற்றையது பிழைத்திருப்பது வேறு. வரைபடத்தில் அக்கோட்டினை இழுத்தவர், அவ்விரவில் உறங்கிக்கொண்டிருக்கலாம். நேரே நின்றவருக்குத் துணிவு கடமையாயிற்று. நேரே நில்லாதவருக்கு முன்னறிவே கடமையாயிருந்தது. பின்னையதற்குப் பாராட்டும் இல்லை, பெரும்பாலும் பழியும் இல்லை. இச்சமமின்மையே இப்பொருளில் மிகவும் உறுத்துவது.

மனிதத் துணிவை நம்பாது இயற்கை விதியையே காவலாக்குவது மேல் என்பர் ஒரு சாரார். கூடங்குளத்து உலைகளில், நீராவி வெளிக்காற்றினாற் குளிர்ந்து நீராகித் தன் எடையினாலேயே திரும்பிவரும் ஏற்பாடு உண்டு; அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. இது பெரும் முன்னேற்றமே. எனினும் புகுஷிமாவின் முதலாவது அலகிலும் பம்பி வேண்டாத குளிர்விப்பான் ஒன்று இருந்தது. 2011 மார்ச் 11 இல் ஆழிப்பேரலையால் மின்சாரம் அற்றபோது அதன் வால்வுகள் மூடிக்கொண்டன. அது இயங்குகிறதா இல்லையா என்பதைப் பணியாளராலும் தெளிவாக அறிய முடியவில்லை. புவியீர்ப்பு தவறுவதில்லை, அதனை அடையும் வழியில் மனிதர் வைத்த கதவுதான் தவறியது.

இலங்கையில் அணு உலை இல்லை. அமைப்பது பற்றிய ஆராய்வு உண்டு. 2022 இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு இதன்பொருட்டு வந்து சென்றது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் முற்பகலில், பாணந்துறை உபமின்னிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதனால் எனக் கூறப்பட்ட கோளாறினால், தீவு முழுவதும் மின்சாரம் இழந்தது. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றன. நிலக்கரி உலை நின்றால் மின்வெட்டு நேரும், மக்கள் சலித்துக்கொள்வர், அவ்வளவே. அன்று இத்தீவில் அணு உலை ஒன்று இருந்திருப்பின், நின்ற பின்னரே அதன் தேவை தொடங்கியிருக்கும்.