கல்லில் ஒரு நாய், துணியில் ஒரு நாய்

எங்கள் மணி இறந்த அன்று மாலை பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அம்மா அவசரமாக முகத்தைக் கழுவிக்கொண்டு காபி போடப் போய்விட்டாள். பதினான்கு வருடம் அதற்குச் சோறு பிசைந்து வைத்தவள், கடைசி மூன்று மாதம் அதன் மூத்திரத் துணியை அலசியவள், தான் அழுததை மறைத்தாள். வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள்: “நாய்தானே, என்ன பண்றது.”

ஒட்டுத்துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் போர்வையை அமெரிக்காவில் குயில்ட் என்கிறார்கள். அதன் ஒரு சதுரம், பிளாக். செத்துப்போன வீட்டு நாய்க்கென்று ஒரு பிளாக் தைக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். நாய் படுத்த விரிப்பில், அதன் கழுத்தில் கட்டிய கைக்குட்டையில் உருவத்தை வெட்டி வைத்துத் தைப்பார்கள். பெயரை நூலால் எழுதுவார்கள். 12 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் 12½ வெட்ட வேண்டும், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். ஒரு காது மடிந்திருந்ததா, இரண்டுமா என்று அப்போதுதான் யோசிக்க வேண்டிவரும்.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனிதச் சாவுக்கே அழ ஆளில்லாத உலகத்தில் நாய்க்குப் பூத்தையலா?

ஆனால் அழ ஆளில்லாத மனிதச் சாவுகளுக்கும் இதே துணிதான் விரிக்கப்பட்டது. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் எய்ட்ஸ் நினைவு குயில்ட் முதன்முதலாக விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு சவக்குழியின் அளவு. ‘இவர்களுக்கெல்லாமா அழுவது’ என்று கேட்ட சமூகத்தின் முன்னால் அந்தப் பெயர்கள் விரிந்து கிடந்தன. இரண்டு சாவுகளையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் யாருக்கு அழலாம் என்று அளந்து கொடுக்கும் குரல் எனக்குப் பழக்கமான குரல். துக்கம் என்ன ரேஷன் அரிசியா, நாய்க்கு அளந்தால் மனிதருக்குக் குறைந்துபோக? எங்கள் தெருவில் எந்தச் சாவு வீட்டுக்கும் முதலில் போகிறவள் அம்மாதான்.

நாய்க்கு நினைவுச்சின்னம் நமக்கும் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப்போய் இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவனுடைய நாய். கோவிவன் என்று பெயர் பொறித்து, இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடமாக ஒரு நாயின் பெயர் நிற்பது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யாரையும் கடிக்காமல் வாசலில் படுத்து மூப்பில் செத்திருந்தால் கோவிவனுக்குக் கல் கிடைத்திருக்குமா? எங்கள் மணி திருடனைப் பார்த்தாலும் வாலாட்டும். கல் கேட்பது ஒரு சாதனையை. பெண்ணின் சாவு வீட்டிலும் இதே கணக்குத்தானே நடக்கிறது: “நல்லா உழைச்சா, கடைசி வரைக்கும் யாருக்கும் பாரமா இல்ல.” பாரமாக இருந்துவிட்டவளைப் பற்றி என்ன சொல்வார்கள்? மணி கடைசி மூன்று மாதம் பாரமாகத்தான் இருந்தது. அந்த மூன்று மாதத்துத் துணியும் பிளாக்கில் சேரலாம்.

அதில் ஒரு சிக்கல். சாயம் போகாமலும் பிறகு சுருங்காமலும் இருக்க, துணியை வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடுவது வழக்கம். துவைத்தால் வாசனை போய்விடும். நாயின் உலகமே வாசனைதான். நம் கண்ணுக்குப் பிடித்த அதன் உருவம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் நான் தைப்பது நாயையா, என் ஞாபகத்தையா? அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண் மிசூரி பெட்வே, இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து 1942-இல் ஒரு போர்வை தைத்தார். வெளுத்த இடங்களை அவர் மறைக்கவில்லை. போர்த்திக்கொள்ளத்தான் தைத்தார், போர்த்தப் போர்த்த நைந்துபோகும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குயில்ட்களைச் சுவரில் மாட்டிக் கலையென்று காட்டியபோது, தைத்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. பெண்ணியக் கலை விமர்சகர் பட்ரிசியா மைனார்டி அடுத்த சில வருடங்களில் அதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். நாய்ப் பிளாக்கிலும் முன்பக்கம் நாயின் பெயர் இருக்கும். சோறு வைத்தவளும் பீ அள்ளியவளும் தைத்தவளும் பல நேரம் ஒருத்திதான். அவள் பெயர்?

அம்மாவிடம் மணியின் துண்டைக் கேட்டேன். பீரோவில் அடித்தட்டில், துவைக்காமல் பாலிதீன் பையில் கட்டி வைத்திருந்தாள்.

“பின்னாடி உன் பேரையும் தைக்கட்டுமா?”

“என் பேரு எதுக்குடி அதுல?”

மணிக்கு இரண்டே எழுத்து, முடித்துவிட்டேன். அம்மா பெயருக்கு ஐந்து. ஊசி மூன்றாவதில் நிற்கிறது.