நிலநடுக்கமும் அறத்தின் அளவுகோலும்

நிலம் அசையாதது என்னும் நம்பிக்கையின்மீதே மனிதன் தன் வாழ்வை அமைத்துக்கொண்டுள்ளான். வீடு கட்டுபவன் அத்திவாரம் இடுகிறான். உழவன் வரம்பு கட்டுகிறான். உறுதி எழுதுபவன் காணியின் நான்கு எல்லைகளையும் குறிக்கிறான். நாளையும் நிலம் இன்றிருந்த இடத்திலேயே இருக்கும் என்ற எண்ணம் இவை அனைத்துக்கும் அடிப்படையாகும். பொறுமைக்கு உவமை தேடிய வள்ளுவரும் நிலத்தையே கண்டார். அத்தகைய நிலம் ஒரு கணம் நடுங்குமாயின், சுவர்கள் வெடிக்காவிடினும், மனிதன் உறுதியெனக் கொண்டிருந்த எண்ணங்களுள் சில வெடித்துவிடுகின்றன. என்னுள் அவ்வாறு வெடித்த எண்ணம் ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கை நிலநடுக்கத்துக்குப் பழக்கப்பட்ட நாடன்று. ஜப்பானும் இந்தோனேசியாவும் புவித்தகடுகளின் விளிம்புகளில் அமைந்திருக்க, எமது தீவு அவ்விளிம்புகளுக்குத் தொலைவில், தகட்டின் உட்பகுதியில் அமைந்துள்ளது. 2020 இல் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியிலும், 2023 பெப்ரவரியில் மொனராகலை மாவட்டத்தின் புத்தல, வெல்லவாய பகுதிகளிலும் உணரப்பட்ட சிற்றதிர்வுகள் நாடெங்கும் பேசப்பட்டமைக்கு அவற்றின் வலிமை காரணமன்று. அவற்றின் அருமையே காரணமாகும்.

ஆயின் அம்பாறைக் கரையோரத்தவர்க்கு நிலநடுக்கம் என்னும் சொல் வேறொரு பொருளும் தரும். மருதமுனை முதல் நிந்தவூர் வரையுள்ள எமது ஊர்கள் ஒருபுறம் கடலையும் மறுபுறம் வயல் வட்டைகளையும் எல்லையாகக் கொண்டவை. இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் வீடுகள் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த பேரலை, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகுந்த உயிரிழப்பு இங்கேயே நிகழ்ந்தது. அப்பொழுது எனக்கு இரண்டு வயது. எனவே அந்நாள் எனக்கு நினைவன்று, கேள்வி. எனக்கு நினைவாக இருப்பது 2012 ஏப்ரல் 11 ஆம் திகதியாகும்.

அன்று புதன்கிழமை. லுஹர் தொழுகை முடிந்து, பகலுணவும் முடிந்த வேளை. நிலநூலார் கூற்றின்படி, பிற்பகல் 2 மணி 8 நிமிடமளவில் எமது கரையிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் தொலைவில், 8.6 அளவுடைய நிலநடுக்கம் கடலடியில் நிகழ்ந்தது. சில நிமிடங்களில் அதன் அதிர்வு எம்மை வந்தடைந்தது. தொலைவிலிருந்து வரும் பேரதிர்வு படபடவென உலுப்புவதில்லை. தோணியில் நிற்பவனை அலை தாலாட்டுவதுபோல மெல்ல ஆட்டிச் செல்லும். வாளித் தண்ணீர் விளிம்புவரை ஏறி இறங்கியது. கூரையிற் தொங்கிய மின்குமிழ் ஊஞ்சலாடியது. தனக்குத் தலை சுற்றுவதாகவே உம்மா முதலில் எண்ணினார். பின்னர் எதிரே நின்ற என் முகத்தைப் பார்த்து, சுற்றுவது தலையன்று என்பதை உணர்ந்தார். 

நில அதிர்வு கடலடிப் பாறையூடாகச் சில நிமிடங்களில் வந்துவிடும். கடலலையோ அதே தொலைவைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுக்கும். இச்செய்தியை 2004 இன் பின் எம்மூரில் அறியாதார் இலர். ஆகவே அதிர்வு ஓய்ந்ததும் ஊர் முழுவதும் ஒரே திசையில் எழுந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் மேற்கே செல்லுமாறு கூவின. சைக்கிள்கள், முச்சக்கர வண்டிகள், உழவு இயந்திரங்கள் யாவும் கிட்டங்கி வீதியை நோக்கின. உம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஒரேயொரு வேலையை ஒப்படைத்தார். எமது ஒழுங்கையின் கடற்கரை அந்தத்தில் தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவரை அழைத்து வரவேண்டும் என்பதே அது. காது மந்தமான அவரை நாங்கள் மூத்தம்மா என்றே அழைப்போம். 2004 இல் மகளையும் பேரப்பிள்ளைகள் இருவரையும் கடலுக்குக் கொடுத்தவர் அவர். ஒலிபெருக்கியின் ஓசை அவர் செவிக்கு எட்டாது என்பது உம்மாவுக்குத் தெரியும்.

நான் ஒழுங்கையில் இறங்கினேன். மூத்தம்மாவின் வீட்டுக்குச் செல்வதாயின் கடலை நோக்கி நடக்கவேண்டும். எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தனர். நாலைந்து அடி நடந்தேன். பின்னர் திரும்பி மக்களோடு மக்களாக ஓடினேன். பெரிய வீதியில் உம்மாவைக் கண்டபோது, "மூத்தம்மாட்டச் சொன்னியா?" என்று கேட்டார். "சொன்ன" என்றேன். வாய்க்கால் ஓரத்தில் நின்ற அயல்வீட்டார் ஒருவர், அவரை ஏற்றிவரத் தம் வண்டியைத் திருப்ப முயன்றவர், என் சொல்லைக் கேட்டுத் திருப்பாது விட்டார்.

கடல் வரவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் 8.2 அளவுடைய இரண்டாவது நடுக்கம் நிகழ்ந்தது. அப்போதும் கடல் வரவில்லை. இதற்கான காரணத்தை அறிவியல் தெளிவாகக் கூறுகின்றது. 2004 இல் ஒரு தகடு மற்றொன்றின்கீழ் நழுவியமையால் கடலடித்தளம் மேலெழுந்து, தன்மீதிருந்த நீர் முழுவதையும் உயர்த்தியது. 2012 இல் பாறைகள் பக்கவாட்டாகவே ஒன்றையொன்று உரசிச் சென்றன, நீர் உயர்த்தப்படவில்லை. மாலையில் எச்சரிக்கை நீக்கப்பட்டது. மஃரிபுக்குப் பின் திரும்பி வந்தோம். மூத்தம்மா தம் வீட்டுப் படியில் இருந்தார். தலைச்சுற்று என எண்ணிச் சற்றுப் படுத்து எழும்பியதாகக் கூறிவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தவாறே கேட்டார்: "எங்க மனே போய்த்து வாறீங்க எல்லாரும்?"

இனி வினாவுக்கு வருவோம். நான் செய்தது குற்றமா? யாருக்கும் தீங்கு நேரவில்லை. கடல் வந்திருப்பின் அக்குற்றத்தின் பாரத்தை என் ஆயுள் முழுவதும் சுமந்திருப்பேன். வராதபடியால் அதனைச் சிறுபிள்ளைத்தனம் எனலாம். அவ்வாறாயின் என் செயலை நல்லதாகவோ தீயதாகவோ ஆக்கியது எது? நான் எடுத்த முடிவா? கடலடியிற் பாறைகள் அசைந்த திசையா?

இவ்வினாவின் மறுபக்கத்தை எமது ஊரவர் 2004 இலேயே எதிர்கொண்டனர். பேரலையின் பின், அது கடலோரத்தாரின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொன்னவர்கள் இருந்தனர். அப்பேச்சு மூத்தம்மாவின் முன்னிலையிலும் பேசப்பட்டதாக உம்மா கூறுவார். மூன்று பேரை அடக்கம் செய்த ஒருவரிடம், இறந்தோர் தண்டிக்கப்பட்டனர் என்று கூறுவது, அவர்களை இரண்டாம் முறையும் புதைப்பதற்கு ஒப்பாகும்.

இப்பேச்சு எமது ஊருக்கு மட்டும் உரியதன்று. 1934 ஜனவரி 15 ஆம் திகதி பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அவ்வேளை தென்னிந்தியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், திருநெல்வேலிக் கூட்டத்தில், இது தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை எனத் தாம் கருதுவதாகக் கூறினார். தீண்டாமையை வெறுப்பதில் காந்தியோடு ஒன்றுபட்ட தாகூர், இக்கூற்றை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்வுக்குக் காரணம் இயற்கையிலேயே உண்டு என்றார். இத்தகைய வாதம் காந்தியின் எதிரிகளுக்கே பெரிதும் பொருந்தும் என்றும், தீண்டாமையை ஒழிக்க முற்பட்டதாலேயே தெய்வம் சினந்தது என அவர்கள் சொல்லியிருந்தாலும் வியப்பில்லை என்றும் சுட்டினார். தம்மை மறுத்த அவ்வுரையைக் காந்தி தமது 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டமை அவரது பெருமைக்குச் சான்றாகும். ஆயினும் தாகூரின் வாதத்துக்கு விடை எளிதன்று. எவனும் தான் வெறுப்பவனின் பாவத்தையே நிலநடுக்கத்திற் காண்பான். தன் பாவத்தைக் காண்பவன் அரிது.

சமயம் இதற்கு மாறாகக் கூறுகின்றதே எனச் சிலர் வினவலாம். ஸமூது கூட்டத்தாரும் மத்யன் வாசிகளும் நில அதிர்ச்சியால் அழிக்கப்பட்டமையைத் திருக்குர்ஆன் கூறுவது உண்மையே. ஆயின் அம்மக்களைப் பற்றிய தீர்ப்பை அறிவித்தவன் இறைவன். மருதமுனையைப் பற்றியோ பாண்டிருப்பைப் பற்றியோ எவருக்கும் வஹி அறிவிக்கப்படவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தை இப்றாஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. குழந்தையின் இறப்புக்காகவே சூரியன் இருண்டது என மக்கள் பேசிக்கொண்டனர். துயருற்ற தந்தைக்கு அப்பேச்சு ஆறுதலளித்திருக்கக்கூடும். எனினும் அண்ணலார் அதனை மறுத்து, எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் சூரிய சந்திரர் கிரகணம் அடைவதில்லை எனத் தெளிவுறுத்தினார்கள். நீரில் மூழ்கி இறந்தோரை ஷஹீதுகளின் வரிசையில் வைத்த மார்க்கத்தைப் பின்பற்றுவோர், அவ்வாறு இறந்த அயலாரைப் பாவிகளின் வரிசையில் வைப்பது எங்ஙனம் பொருந்தும்?

ஐரோப்பாவிலும் இவ்வினா எழுந்தது. 1755 நவம்பர் முதலாம் திகதி, புனிதர் அனைவரின் திருநாளன்று, தேவாலயங்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தது. அதுபற்றி 1756 இல் எழுதிய இமானுவேல் காண்ட், இத்தகைய அழிவுகளைத் தண்டனையெனக் கொள்ளலாகாது என்றார். அதே காண்ட் 1785 இல் எழுதிய அறவியல் நூலில், நல்ல விருப்பு தன் விளைவால் நல்லதாவதில்லை. தன்னளவிலேயே நல்லது எனக் காட்டினார். இவ்விரு கருத்துகளும் தனித்தனியே தோன்றினும் அவற்றை ஒன்றாக வைத்து நோக்குதல் வேண்டும். பேரழிவு இறந்தவர்களின் குற்றத்துக்குச் சான்றன்று எனின், பேரழிவு நேராமை பிழைத்தவர்களின் குற்றமின்மைக்குச் சான்றாகுமா? ஆகாது. மூத்தம்மாவின் மகள் பாவியென்று கடல் நிறுவவில்லை. நான் தூயவன் என்றும் கடல் நிறுவவில்லை. முன்னதை மறுப்பவன் பின்னதையும் மறுத்தே ஆகவேண்டும்.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்றுண்டு. உறக்கமின்றி நெல் லொறி ஓட்டும் இரு சாரதிகள் ஒரே இரவில் ஒரு கணம் கண்ணயர்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவன் முன்னே வீதி வெறுமையாக இருந்தது. மற்றவன் முன்னே மனிதன் ஒருவன் நடந்து சென்றான். முதலாமவன் வீடு செல்கிறான். இரண்டாமவன் சிறை செல்கிறான். தவறு ஒன்றே, வேறுபட்டது ஊழ் மட்டுமே. ஆங்கில மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸும் அமெரிக்கரான தோமஸ் நேகலும் 1976 இல் இச்சிக்கலை ஆராய்ந்தனர். விளைவை அறவே நீக்கிவிட்டு மனிதரை மதிப்பிட எவராலும் இயல்வதில்லை என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். உலக வழக்கும் அதுவே.

என் கருத்து வருமாறு. விளைவு கடனைத் தீர்மானிக்கின்றது, குணத்தைத் தீர்மானிப்பதில்லை. மனிதன் ஒருவன் இறந்தானாயின் அவன் குடும்பத்துக்கு ஈடு செய்யவேண்டிய கடன் உண்டு; அதனைச் சட்டம் அளக்கவேண்டும். ஆயின் சட்டத்தின் அளவுகோலை மனச்சாட்சி கடன் வாங்குதல் தகாது. வெறும் வீதியைக் கடந்து வீடு சேர்ந்த சாரதி, தான் நல்ல சாரதி என எண்ணி உறங்குவானாயின், அவனே நாளைய வீதிக்கு ஆபத்தானவன். வள்ளுவர் அறத்தை மனத்தின் மாசின்மையில் வைத்தமையும், செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைவன என்று நபிமொழி கூறுவதும் இவ்வுண்மையையே உணர்த்துவன எனலாம்.

பத்து வயதுச் சிறுவன் கேள்வி கணக்குக்கு உட்பட்டவன் அல்லன் என்று என் நண்பர்கள் கூறுவர். மார்க்கச் சட்டமும் அவ்வாறே கூறும். அதனை நான் மறுக்கவில்லை. அன்றியும் அச்சத்தால் ஓடியமைக்காக நான் வருந்தவில்லை. அச்சம் உடலின் இயல்பு. நான் வருந்துவது "சொன்ன" என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே. ஓட்டம் என் உயிரைக் காத்தது. பொய்யோ என் மானத்தைக் காப்பதற்காக இன்னொருவருக்கு வரவிருந்த உதவியைத் தடுத்தது. அதன்பின்னும் உண்மையைக் கூற எனக்கு ஆண்டுகள் பல இருந்தன. பள்ளிக்குச் செல்லும் வழியில் மூத்தம்மா என்னை அழைத்துத் தின்பண்டம் தருவார். ஒன்றும் நடக்கவில்லையே என எண்ணி ஒவ்வொரு முறையும் வாய் மூடினேன். நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது அவர் நோயுற்றுத் தம் கட்டிலிலேயே காலமானார். பத்து வயதின் மௌனத்தை மன்னிக்கலாம். பதினெட்டு வயதின் மௌனத்துக்கு அச்சலுகை இல்லை.

நிலம் நடுங்குவதற்கும் கடல் வருவதற்கும் இடையே எமக்கு இரண்டு மணி நேரம் உண்டு. அந்நேரத்தில் கடல் வருமா என்பதை எவரும் உறுதியாக அறியார். அந்த அறியாமையினாலேயே அது அறத்தின் நேரமாகின்றது. அப்போது நாம் செய்வனவும் செய்யாதனவும் அப்போதே முழுமை பெற்றுவிடுகின்றன. பின்னர் கடல் வந்தாலும் வராவிட்டாலும் அவற்றை மாற்ற இயலாது. நடுங்கிய நிலத்தின்முன் 'இது யார் செய்த பாவம்?' எனக் கேட்பதிற் பயனில்லை. 'எமது ஒழுங்கையில் நடக்க இயலாதவர் யார்? செவி கேளாதவர் யார்? அவர் வீட்டுக்கு யார் போவது?' என்பனவே கேட்கத்தக்க வினாக்களாம். இவற்றுக்கு விடை காணவேண்டிய காலம் நிலம் அசையாதிருக்கும் காலமே.

சென்ற விடுமுறையில் ஊர் சென்றபோது உம்மாவிடம் அனைத்தையும் கூறினேன். அவர் நீண்ட நேரம் பேசாதிருந்துவிட்டு, எமது ஒழுங்கையில் இப்போது கட்டிலோடு இருப்பவர்கள் இருவர் என்றும், ஒருவருக்குக் கண் தெரியாது என்றும் கூறினார். மறுநாள் மாலை அம்மூன்று வீடுகளுக்கும் சென்று, எந்த வீட்டுக்கு யார் வருவது என்பதை அயலாருடன் பேசி முடிவு செய்தோம். கடற்கரை அந்தத்திலுள்ள வீட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நாட்களுக்கு அப்பொறுப்பை என் தங்கை ஏற்றுள்ளாள்.