மரபும் பழியும்

கைதட்டினாலும் திரும்பாத குழந்தையைக் கண்டவுடன் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, "இது யார் வழியில் வந்தது?" என்பதே. அறிவை நாடி எழுமாயின் அவ்வினா நன்று. பெரும்பாலும் அது குற்றவாளியைத் தேடியே எழுகின்றது. அத்தேடலும் தாயிடத்திலேயே முடிகின்றது.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் பக்கத்து இல்லத்தில் இத்தகைய குழந்தையொன்று இருந்தது. "எங்கள் குடும்பத்தில் ஏழு தலைமுறையாக இக்குறை இல்லை" என்று மருமகளை நோக்கி மாமியார் கூறினார். அன்று காலையில்தான் வகுப்பில் மெண்டலின் பட்டாணிப் பாடத்தை நடத்தியிருந்தோம். எனினும் வாய்மூடி நின்றோம். எழுபது அகவை கடந்த பின்னரும் அம்மௌனம் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

அப்பாடம் உணர்த்துவது யாது? இன்று செக் குடியரசில் உள்ள பிர்னோ நகரின் மடாலயத் தோட்டத்தில், கிரிகர் மெண்டல் என்னும் துறவி 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது கிடைத்த விதைகள் அனைத்தும் உருண்டையாகவே இருந்தன. அவற்றை விதைத்து, தன்மகரந்தச் சேர்க்கையுறச் செய்தபோது 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்த பண்பு அழியவில்லை, ஒடுங்கியிருந்தது. 1866இல் வெளியான இவ்வுண்மையை அறிவுலகம் 1900இல்தான் உணர்ந்தது.

மாந்தரிடத்தும் இவ்வாறே. பிறவிச் செவித்திறன் குறைவுக்கு நோய்த்தொற்று முதலிய காரணங்களும் உண்டு. மரபால் வருங்கால், பெரும்பாலும் அது ஒடுங்கு பண்பாகவே வருகின்றது. தாய் ஒன்றும் தந்தை ஒன்றுமாக மாற்றமுற்ற மரபணுவை இருவரும் அளித்தால்தான் அக்குறை வெளிப்படும். அவ்விருவரும் நன்கு கேட்பவராகவே இருக்கலாம். அத்தகையோர்க்கு ஒவ்வொரு மகப்பேற்றிலும் அக்குறை நேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவில் மணந்தோர் இருவரும் ஒரே மாற்றமுற்ற மரபணுவைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே, ஏழு தலைமுறையாகக் காணாமை இல்லாமைக்குச் சான்றாகாது.

அறிந்து செய்வதே குற்றம். எந்த மரபணுவைப் பிள்ளைக்கு அளிப்பது என்று எந்தத் தாயும் தேர்வதில்லை; எந்தத் தந்தையும் தேர்வதில்லை. எனவே இங்குப் பழிக்கு இடமில்லை. அங்ஙனமாயின் பொறுப்பும் இல்லையோ என்று வினவலாம். உண்டு, அது பிறந்த பின்னர்த் தொடங்குகின்றது.

1934இல் நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங் கண்டறிந்த பீனைல்கீட்டோனூரியா என்னும் மரபுநோய், கவனியாது விட்டால் அறிவு வளர்ச்சியைக் கெடுப்பது. பிறந்த சில நாட்களில் கண்டறிந்து உரிய உணவுமுறையைக் கைக்கொண்டால் அக்கேட்டைத் தடுக்க இயலும். மரபணு மாறுவதில்லை, வளர்ப்பு மாறுகின்றது. செவித்திறன் குறைந்த குழந்தைக்கும் காலத்தே செய்யும் பரிசோதனை, செவிக்கருவி, சைகை மொழி ஆகியன மொழியறிவுக்கு வழி திறக்கும்.

பக்கத்து இல்லத்திலோ பழி பேசியே காலம் கழிந்தது. மூன்று அகவை நிறைந்த பின்னரே அக்குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். மொழி கற்கும் அருமையான ஆண்டுகள் வீணாயின. அக்குழந்தைக்கு மரபு செய்த தீங்கினும் நம் பேச்சும் மௌனமும் செய்த தீங்கு பெரிது. "யார் வழியில் வந்தது?" என்ற சொல் இனி நம் செவியில் விழுமாயின், "இனிச் செய்ய வேண்டுவது யாது?" என்று அங்கேயே வினவுவோமாக.