கர்த்தா யார்?

"நான் ஓடினேன்" என்று சொல்லும்போது அந்த 'நான்' எதைச் செய்தது என்று விசாரிப்பது வேதாந்திக்கு மட்டும் உரிய காரியமன்று. வளர்ந்த மனிதனின் ரத்தம் முழுவதிலும் சுழல்வது ஏறக்குறைய 5 கிராம் சர்க்கரைதான். ஓடும் தசைகள் அதைச் சில நிமிஷங்களில் தீர்த்துவிடக் கூடியவை. ஆயினும் கணையம் இன்சுலினைக் குறைத்துக் குளுக்ககானைப் பெருக்க, தசை இன்சுலினின் தயவை அதிகம் நாடாமலே சர்க்கரையை ஏற்க, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து செலவுக்கு ஈடாக அளந்து விட, அளவு பெரும்பாலும் பிறழ்வதில்லை. (தசையிலும் சேமிப்பு ஏராளம், அந்தக் கருமியோ அதை ரத்தத்துக்குக் கடனாகக்கூடத் தராது!) இவற்றில் நமது சங்கல்பத்துக்கு யாதொரு பங்கும் இல்லை.

1924-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களைப் பரிசோதித்த வைத்தியர்கள், சர்க்கரை மிகவும் தாழ்ந்தவர்கள் சோர்ந்து, சித்தம் தடுமாறி நின்றதைக் கண்டார்கள். மறு ஆண்டு இனிப்பு உண்டு ஓடியவர்களுக்கு அந்த அவஸ்தை நேரவில்லை. இரண்டு மூன்று கிராம் குறைவில் நிலைகுலையும் அகங்காரம் தன்னைக் கர்த்தா என்று மார்தட்டுவது வேடிக்கைதான். பிரகிருதியின் குணங்களே தொழில் புரிகின்றன என்னும் கீதையின் கொள்கைக்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை. ஆனால், ஓடுவதென்று நிச்சயித்தது யார் என்ற வினாவுக்குக் கல்லீரல் விடை சொல்லாது. அந்த அளவில் கர்த்ருத்வம் நமக்கு உண்டென்றே கொள்கிறேன்.